குதிரை வாங்க வேண்டாம், ஹெல்மெற் வாங்குவோம்



இரண்டு வருடங்களுக்கு முன் நமது வாலிபர் ஐக்கியக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவள் அப்போது 13 வயதுத் தங்கை ஒருத்தி. நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு சவாரிப் பள்ளியில் குதிரை ஓடப் பழகிக்கொண்டிருந்தாள். மூன்று சிறிய போட்டிகளுக்கான நுழைவுக் கட்டணத்துக்கும் ஒரு புது ஹெல்மெற்றுக்குமாக 240 பவுண் உதவி கேட்டிருந்தாள். ஒரு பக்கக் கடிதம், கையால் எழுதியது. பழைய ஹெல்மெற் இப்போது தலைக்குச் சிறிதாகிவிட்டது என்றும் அதில் இருந்தது.

கணக்குப் புத்தகம் என்னிடம் இருப்பதால் அந்தக் கடிதத்தைக் கூட்டத்தில் வாசித்தது நான்தான். வாசித்து முடித்ததும் ஒருவர், “குதிரையோ? அடுத்த மாதம் யாராவது கப்பல் கேட்கப் போகினம்” என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பிறகு, “இது பணக்காரர் விளையாட்டு. இதுக்கு நாங்கள் காசு குடுக்கத் தொடங்கினால் முடிவே இல்லை” என்று சொல்லி, வேண்டாம் என்று கை உயர்த்தினேன். அதே கூட்டத்தில் கிறிஸ்மஸ் ஒன்றுகூடலுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்க 350 பவுண் ஒதுக்கினோம். அதைத் தீர்மானிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தத் தங்கை இப்போது குதிரை ஓடுவதில்லை. இந்த வருடம் அதே மாதிரி இன்னொரு விண்ணப்பம் வந்திருக்கிறது, இம்முறை ஒரு தம்பியிடமிருந்து. அடுத்த மாதம் குழு கூடுகிறது. அதற்கு முன் நான் அன்று சொன்னது ஏன் பிழை என்று உங்கள் எல்லோருக்கும் எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தங்கையிடமும் தாயிடமும் கேட்டு, பெயர் போடுவதில்லை என்று சொல்லித்தான் எழுதுகிறேன்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

ஷோ ஜம்பிங் என்பது குதிரையோடு தடை தாண்டும் போட்டி. மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு தடைகள் இருக்கும். எதை எந்த வரிசையில் தாண்ட வேண்டும் என்று எண் போட்டிருப்பார்கள். போட்டிக்கு முன் ஓடுபவர்கள் குதிரை இல்லாமல் மைதானத்துக்குள் நடந்து, ஒரு தடைக்கும் மற்றத் தடைக்கும் இடையில் குதிரைக்கு எத்தனை பாய்ச்சல் என்று காலடியால் அளந்து வைப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக ஓடுவார்கள். ஒரு கம்பு விழுந்தால் நான்கு தண்டப் புள்ளி. தடைக்கு முன் குதிரை நின்றுவிட்டாலும் நான்கு. குறித்த நேரத்தைத் தாண்டினாலும் தண்டம் உண்டு. ஒன்றுமே விழாமல் பலர் முடித்தால், அவர்களுக்குள் குறைந்த தடைகளோடு நேரம் பார்த்து இன்னொரு சுற்று நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அழகுக்குப் புள்ளி இல்லை என்பது. நடுவருக்கு உங்கள் முகம் பிடிக்க வேண்டும் என்றில்லை, உங்கள் குடும்பப் பெயரை உச்சரிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றுமில்லை. கம்பு விழுந்ததா, விழவில்லையா, அவ்வளவுதான். ஆண்களும் பெண்களும் ஒரே போட்டியில் ஓடுகிறார்கள். ஒலிம்பிக்கில் பெண்கள் இந்த விளையாட்டுக்குள் வந்தது 1956இல். அந்த வருடமே இங்கிலாந்தின் பற் ஸ்மைத் தன் அணியோடு வெண்கலம் பெற்றார். 1968இல் மெக்சிக்கோவில் மரியன் கோக்ஸ் தனிநபர் போட்டியில் வெள்ளி வென்றார். அவர் ஓடியது பெரிய குதிரையே அல்ல, ஸ்ட்ரோலர் என்ற ஒரு போனி.

இந்த நாட்டில் போட்டிகள் உயரத்தால் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. தேசிய அமைப்பின் வகுப்புகளில் பிரிட்டிஷ் நோவிஸ் என்பது 90 சென்ரிமீற்றர். அதற்கு மேல் டிஸ்கவரி ஒரு மீற்றர், நியூகமர்ஸ் 1.10, ஃபொக்ஸ்ஹன்ரர் 1.20. ஒலிம்பிக்கில் தடைகள் 1.60 மீற்றருக்கு மேல் போகும். நம் தங்கை 70 சென்ரிமீற்றரில் இருந்து 80க்கு ஏறிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆசிரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தார்: பயப்படுகிற குதிரையும் இந்தப் பிள்ளையின் கையில் அமைதியாகிவிடுகிறது என்று. அந்தக் காகிதமும் கடிதத்தோடு இருந்தது. நான் அதைக் கூட்டத்தில் வாசிக்கவில்லை.

காசு எங்கே போகிறது?

செலவு அதிகம் என்பது பொய்யல்ல. உதைபந்துக்கு ஒரு பந்து போதும். குதிரையோ போட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிடுகிறது. ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை லாடம் அடிப்பவர் வர வேண்டும். மிருகவைத்தியர், தடுப்பூசி, பல் பார்ப்பவர், காப்புறுதி, லாய வாடகை, போட்டிக்குக் கொண்டுபோக ட்ரெய்லர், அதை இழுக்கக் கூடிய வாகனம் என்று பட்டியல் நீளும். தேசிய அமைப்பின் போட்டிகளில் ஓட, பிள்ளைக்கு ஒரு பதிவு, குதிரைக்கு வேறொரு பதிவு.

பிள்ளைகளின் விளையாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. போனிகள் 128, 138, 148 சென்ரிமீற்றர் என்று உயரத்தால் வகுக்கப்பட்டுள்ளன. பிள்ளை வளர்கிறது, போனி வளர்வதில்லை. 11 வயதில் பொருத்தமாக இருந்த போனி 14 வயதில் சிறிதாகிவிடும். அப்போது அடுத்தது வேண்டும். போட்டிக்குப் பழகிய நல்ல போனி ஒன்றின் விலை பல ஆயிரம் பவுண். உச்ச நிலையில் ஓடும் குதிரைகளுக்கு மில்லியன் கணக்கில் பேரம் நடக்கும்.

இதையெல்லாம் கேட்டால் யாரும் என்னைப் போலத்தான் கை உயர்த்துவார்கள். ஆனால் நான் விட்ட பிழை ஒன்று இருக்கிறது. மாடியின் உச்சிப் படியைப் பார்த்துப் பயந்து, முதல் படியில் நின்ற பிள்ளைக்குக் கை கொடுக்க மறுத்தேன். அவள் கேட்டது குதிரை அல்ல, ஹெல்மெற்.

உச்சிப் படிக்குக் காசு கொடுப்பது யார்?

இந்த விளையாட்டில் உச்சத்தில் இருப்பவர்களில் பலர், தாங்கள் ஓடும் குதிரைக்குச் சொந்தக்காரர்கள் அல்ல. குதிரைக்கு வேறு ஒருவர் உரிமையாளராக இருப்பார். ஓடுபவர் தன் திறமையைக் கொடுக்கிறார். நிக் ஸ்கெல்ரனை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகன். இளவயதிலேயே ரெட் எட்கர் என்ற பெரிய ஓட்டுநரின் லாயத்தில் சேர்ந்து வேலை செய்து பழகினார். 2000ஆம் ஆண்டில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, விளையாட்டை விட்டுவிட்டு, பிறகு திரும்பி வந்தார். 2012இல் லண்டனில் அணியோடு தங்கம். 2016இல் ரியோவில் 58 வயதில் தனிநபர் தங்கம். இரண்டு முறையும் அவர் ஓடிய பிக் ஸ்டார் அவருடைய குதிரை அல்ல, விடௌசன் தம்பதியினருடையது. இடையில் குதிரைக்கும் காயம் ஏற்பட்டது. உரிமையாளர்கள் விற்காமல் காத்திருந்தார்கள்.

மேலே ஏறியவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தேசிய லொத்தரில் சேரும் காசில் ஒரு பங்கு, நாட்டுக்காகப் பதக்கம் வெல்லக் கூடியவர்களின் பயிற்சிக்குப் போகிறது. குதிரை விளையாட்டுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது.

ஆக, உச்சிப் படிக்குக் காசு தேடுவது நம் வேலையல்ல. அதற்கு உரிமையாளர்களும் அனுசரணையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் படுவதற்கு ஒரு பிள்ளை முதலில் 70இலிருந்து 80க்கும், 80இலிருந்து 90க்கும் ஏற வேண்டும். அந்தக் கீழ்ப் படிகளில் லொத்தரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. தாய் தகப்பன் மட்டும்தான். சனி ஞாயிறும் வேலை செய்கிற நம் தாய் தகப்பன்மார்.

இன்னொரு கதை. ஹரி டிலேயர் என்பவர் ஒல்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர். ஒரு பெண்கள் பாடசாலையில் சவாரி கற்பித்தார். 1956இல் பென்சில்வேனியாவில் ஒரு குதிரை ஏலத்துக்குப் போனபோது நேரம் பிந்திவிட்டது. இறைச்சிக்காக லொறியில் ஏற்றப்பட்ட குதிரைகள் மட்டும்தான் மீதி. அவற்றில் ஒரு சாம்பல் நிற உழவுக் குதிரையை 80 டொலருக்கு வாங்கினார். பிள்ளைகள் அதற்கு ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார்கள். அதை அவர் ஒரு அயலவருக்கு விற்றபோது, வேலிகளைத் தாண்டித் தாண்டி அது திரும்பி வந்துவிட்டது. அப்போதுதான் இதற்குத் தாண்டத் தெரியும் என்று அவருக்குப் புரிந்தது. 1958இலும் 1959இலும் அமெரிக்காவின் சிறந்த தடைதாண்டும் குதிரை ஸ்னோமேன்தான்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் 80 டொலரில் வெல்லலாம் என்று நினைக்கக் கூடாது. அது அபூர்வம். ஆனால் ஏலம் முடிந்த பிறகும் லொறிக்குள் எட்டிப் பார்க்க ஒருவர் இருந்தார். பிள்ளைகளின் விஷயத்தில் அப்படி எட்டிப் பார்க்கிறவர்களாக நாம் இருக்கலாம்.

நம் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

இந்தக் கட்டுரைக்காக அந்தத் தங்கையின் தாயிடம் போய்ப் பேசினேன். 240 பவுண் இல்லாததால்தான் நின்றுவிட்டாள் என்று நினைத்துப் போனேன். அன்ரி தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, காசுக்காக மட்டும் நிப்பாட்டேல்லை. இவருக்குச் சனி ஞாயிறும் வேலை. எனக்குக் கார் ஓடத் தெரியாது. பஸ், பிறகு ரெயின், பிறகு இருபது நிமிசம் நடை. மழைக்காலத்தில ஏலாமல் போட்டுது. சேர்ச்சில ஆரும் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பன்.”

நாங்கள் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் கடைக்குப் போகிற நான்கு குடும்பங்களை எனக்கே தெரியும்.

காசையும் போக்குவரத்தையும் விட்டால், மூன்றாவது காரணம் நம் மனத்தில் இருக்கிறது. “இது எங்கட ஆட்களுக்குரியது இல்லை.” இதை யார் தீர்மானித்தார்கள்? இலங்கையில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போது சுவீடன் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்ட மத்தில்டா கார்ல்சன், டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் பெயரில் ஷோ ஜம்பிங் ஓடினார். குதிரை விளையாட்டில் அந்தத் தீவிலிருந்து ஒலிம்பிக் போன முதல் ஆள் அவர்தான்.

லண்டனுக்குள்ளேயே வழிகள் உண்டு. பிரிக்ஸ்டனில் எபொனி ஹோர்ஸ் கிளப் என்ற அறக்கட்டளை 1996இலிருந்து அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் குதிரை ஓடக் கற்பிக்கிறது. அங்கே பழகிய கதீஜா மெல்லா, 2019இல் 18 வயதில், குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கிண்ணப் பந்தயத்தை வென்றார். தலைக்கவசத்தின் கீழே ஹிஜாப் அணிந்தபடி ஓடினார். அது பந்தயக் குதிரை ஓட்டம், தடைதாண்டல் அல்ல. ஆனால் எல்லாக் குதிரை விளையாட்டுக்கும் முதல் படி ஒன்றுதான்: சேணத்தில் விழாமல் இருக்கப் பழகுவது. வொக்ஸ்ஹோல் நகரப் பண்ணையிலும் மட்ஷூட் பண்ணையிலும் சவாரி கற்பிக்கிறார்கள். சொந்தப் போனி இல்லாத பிள்ளைகளும், போனி கிளப்போடு இணைந்த சவாரிப் பள்ளிகள் வழியாக அதில் சேர்ந்து சோதனைகள் எழுதலாம். இவை எதுவும் நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் முயலவும் இல்லை.

அதே நேரத்தில் நம் கலியாணங்களுக்குக் குதிரை வருகிறது. சேர்ச் வாசலில் மணமக்களை இறக்க இரட்டை வெள்ளைக் குதிரை வண்டி. ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கிற வாடகையில் ஒரு பிள்ளை பல மாதம் சவாரி பழகலாம். கொண்டாட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குதிரைக்குக் காசு கொடுப்பது நமக்குப் பழக்கமில்லாத விஷயம் என்று மட்டும் இனிச் சொல்லாதிருப்போம்.

எதிர்க் கேள்விகள்

குழுவில் கேட்கப்படும் கேள்விகள் எனக்குத் தெரியும், ஏனென்றால் அவற்றை நானே கேட்டவள்.

“ஊரில் பிள்ளைகளுக்குப் பாடசாலை போகச் சைக்கிள் இல்லை. இங்கே குதிரைக்குக் காசா?” இது நியாயமான கேள்வி. வன்னியிலும் மலையகத்திலும் தேவை இருக்கிறது, நாளைக்கும் இருக்கும். அதனால்தான் ஊருக்கு அனுப்பும் நிதியிலிருந்து ஒரு சதமும் எடுக்கக் கூடாது என்று நானும் சொல்கிறேன். அது தனிக் கணக்கு, தனியாகவே இருக்கட்டும். நான் கேட்பது நம் ஒன்றுகூடல் செலவிலிருந்து. அந்த ஒலிபெருக்கி 350 பவுணின்போது ஊர்ப் பிள்ளையின் சைக்கிள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

“ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் மற்றப் பிள்ளைகள்?” இதுவும் நியாயம். ஆகவே இது குதிரைக்கான நிதியாக இருக்கக் கூடாது. வாள்வீச்சு, பனிச்சறுக்கு, பெரிய வாத்தியம் என்று குடும்பத்தால் தாங்க முடியாத எந்தப் பயிற்சிக்கும் அது திறந்திருக்க வேண்டும். ரியூஷனுக்கும் அரங்கேற்றத்துக்கும் நம் சமூகம் ஏற்கெனவே தாராளமாகச் செலவழிக்கிறது. நமக்குப் பழக்கமில்லாத திறமையோடு பிறந்த பிள்ளைதான் தனியாக நிற்கிறது.

“விழுந்தால்?” விழுவார்கள். இது ஆபத்தில்லாத விளையாட்டு என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கெல்ரனின் கழுத்தைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன். அதனால்தான் ஹெல்மெற் முக்கியம். சப்பாத்து, காற்சட்டை, மேற்சட்டை எல்லாம் ஒரு பிள்ளை போட்டதை இன்னொரு பிள்ளை போடலாம். ஹெல்மெற்றை மட்டும் பழையதாக வாங்கக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் உள்ளே பாதுகாப்புப் போயிருக்கும். தலைக்குச் சிறிதான ஹெல்மெற்றும் பாதுகாப்பில்லை. அன்றைக்கு ஆபத்தைப் பற்றிப் பேசிய நாங்கள் மறுத்தது எதை என்று பாருங்கள்.

“மிருகத்தை வதைக்கிற விளையாட்டு இல்லையா?” வதைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் ஒரு பயிற்சிக் காணொளி வெளியாகி, குதிரை விளையாட்டு முழுவதுமே கேள்விக்கு உள்ளானது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. நாம் உதவும் பிள்ளை எந்தப் பள்ளியில் பழகுகிறது, அங்கே குதிரைகளை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நம்மில் இருவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டே காசு கொடுக்க வேண்டும். சவுக்கை முதலில் தூக்குகிற பிள்ளைக்கு உதவி இல்லை.

“போட்டி ஞாயிற்றுக்கிழமையில்தானே?” பெரும்பாலும் சனி ஞாயிறுதான். இதை மறைக்கவில்லை. வருடத்தில் ஆறு போட்டி என்றால் இரண்டு மூன்று ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாமல் போகலாம். சனிக்கிழமையிலும் பாடசாலை விடுமுறையிலும் நடப்பவற்றை முதலில் தெரிவுசெய்யலாம். மீதியை அந்தக் குடும்பமும் போதகரும் பேசித் தீர்க்கட்டும். ஆனால் ஞாயிறு காலை ரியூஷனுக்குப் போகிற பிள்ளையிடம் நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதையும் நினைவில் வைப்போம். அப்படி வராத ஞாயிறுகளில் அந்தப் பிள்ளையை யாராவது தொலைபேசியில் எடுத்து, எப்படிப் போனது என்று கேட்டாலே போதும். அது நம் பிள்ளையாகவே இருக்கும்.

நான் முன்வைப்பது

அடுத்த கூட்டத்தில் குழுவிடம் ஐந்து விஷயங்களைக் கேட்கப் போகிறேன்.

ஒன்று, நம் வருடக் கணக்கில் 600 பவுணுக்கு ஒரு புது வரி. ஒரு பிள்ளைக்கு வருடம் அதிகபட்சம் 200 பவுண், கூடியது மூன்று வருடம். பயிற்சிச் செலவில் பாதியையாவது குடும்பம் கொடுக்க வேண்டும். நம் பங்கு பிள்ளையின் கையில் அல்ல, பற்றுச்சீட்டைப் பார்த்து நேரடியாகப் பள்ளிக்குப் போக வேண்டும்.

இரண்டு, வாகனம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஓடக் கூடிய நான்கு சாரதிகள் கிடைத்தால் ஒரு பிள்ளையின் பிரச்சினை தீர்ந்துவிடும். சிறுவர் பாதுகாப்புக்கான நம் சபையின் விதிகளின்படி, சோதனை முடிந்தவர்கள் மட்டும், எப்போதும் இரண்டு பெரியவர்களாக.

மூன்று, மண்டபத்தின் பின்னறையில் ஒரு அலுமாரி. சிறிதாகிப்போன சவாரிச் சப்பாத்து, உதைபந்துச் சப்பாத்து, நடன உடை எல்லாவற்றையும் அங்கே வைத்தால் அடுத்த பிள்ளை எடுக்கும். ஹெல்மெற் வைக்க வேண்டாம்.

நான்கு, விண்ணப்பங்கள் நிரப்ப உதவும் ஒருவர். அறக்கட்டளைகளும் பண்ணைகளும் குறைந்த கட்டணத்தில் இடம் கொடுக்கின்றன. ஆனால் படிவம் ஆங்கிலத்தில், எட்டுப் பக்கம். வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருகிற தகப்பன் அதை எப்போது நிரப்புவார்? பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்களுக்கு அது அரை மணி நேர வேலை.

ஐந்து, பதக்கத்தைப் பார்த்து உதவி கொடுக்காதிருப்போம். வருடத்தில் இரண்டு முறை ஆசிரியரிடம் ஒரு குறிப்பு வாங்குவோம். பிள்ளை ஒழுங்காக வருகிறதா, சவாரி முடிந்தபின் லாயம் கூட்டுகிறதா, குதிரைக்குத் தண்ணீர் வைக்கிறதா? அவ்வளவு போதும். முதல் மூன்று வருடத்தில் யார் ஒலிம்பிக் போவார் என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலானவர்கள் போக மாட்டார்கள். அவர்களில் சிலர் மிருகவைத்தியர் ஆவார்கள், சிலர் லாயத்தில் வேலை செய்வார்கள், சிலர் அரைத் தொன் எடையுள்ள ஒரு பிராணியைக் கத்தாமல் கட்டுப்படுத்தப் பழகியவர்களாக வேறு எங்காவது போவார்கள். அதில் நட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

குதிரை ஓட ஆசைப்படுகிற தம்பி தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. ஆனால் சேணத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வேண்டும் என்று வராதீர்கள். குளிரில் லாயம் கழுவுவதும் சாணம் அள்ளுவதும் இதற்குள் அடங்கும். பல பள்ளிகளில் வளர்ந்த பிள்ளைகள் வேலையில் உதவினால் சவாரி நேரம் கிடைக்கும். கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சிறிதாகிப்போன சப்பாத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுங்கள். யாராவது உங்களை ஏற்றிப்போனால் காருக்குள் ஏறுமுன் சப்பாத்தைத் துடையுங்கள்.

போன மாதம் அந்தத் தங்கையைச் சந்தித்தபோது, இந்த யோசனைகளைச் சொல்லி, திரும்பப் போக விருப்பமா என்று கேட்டேன். இப்போது அவளுக்கு 15 வயது, என்னை விட உயரம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் போனியில இனி ஏற ஏலாது அக்கா, எனக்குக் கால் நீண்டிட்டுது. வேற குதிரையில முதலிலயிருந்து தொடங்க வேணும்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு, இந்த முறை விண்ணப்பித்திருக்கிற தம்பி எந்தப் பள்ளியில் பழகுகிறான் என்று விசாரித்தாள். தன் பழைய சப்பாத்து இன்னும் கட்டிலுக்குக் கீழே இருக்கிறதாம், அவனுக்கு அளவு சரிவந்தால் கொடுக்கலாம் என்றாள்.

குழுக் கூட்டம் வருகிற மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு, வழக்கமான மண்டபத்தில். 16 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வரலாம், பேசலாம். சனிக்கிழமை காலையில் கார் ஓடக் கூடியவர்கள் தவறாமல் வாருங்கள். இந்த முறை கடிதத்தோடு வந்த ஆசிரியரின் குறிப்பையும் வாசிப்பேன்.